ரொமான்டிக் சாலையா, ஹார்ஸ் மலையடியா: இரவில் கார் எங்கே நிற்கும்?

"மாப்பிள்ளை, நாம் ஊர் பார்க்க வந்தோமா, பெட்டி பார்க்க வந்தோமா?" என்று மாமனார் கேட்டபோது இரவு ஒன்பதரை மணி. தெற்கு ஜெர்மனியில் ரொமான்டிக் சாலை என்ற சுற்றுலாத் தடத்தில் இருக்கும் ரோத்தன்பூர்க் நகரத்து மதிலுக்கு வெளியே காரை விட்டுவிட்டு, நான்கு பெட்டிகளோடு கோட்டை வாசலுக்குள் நுழைந்திருந்தோம். கல் பாவிய தெரு பகலில் படம் எடுக்க அழகாகத்தான் இருக்கும். இரவில் பெட்டிச் சக்கரம் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டு போன சத்தத்தில் தெருவே எழுந்து உட்கார்ந்துவிடும் போலிருந்தது. பாதி வழியில் பெரிய பெட்டியின் சக்கரம் ஒன்று கழன்று சாக்கடைக் கம்பிக்குள் விழுந்தது. விடுதியின் இணையப் பக்கத்தில் "கார் நிறுத்த இடம் உண்டு" என்று போட்டிருந்தார்கள். இடம் உண்டுதான், ஊருக்கு வெளியே.

அது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. போன செப்டம்பரில் அதே நான்கு பேர், அதே அளவு வாடகைக் கார், இந்த முறை வடக்கே ஹார்ஸ் மலையடிவாரம். இரண்டையும் ஓட்டிப் பார்த்தவன் என்பதால், ஜெர்மனியின் பழைய ஊர்களைக் காரில் சுற்ற நினைக்கும் உறவினர்களும் நண்பர்களும் எது நல்லது என்று என்னைக் கேட்கிறார்கள். என் பதில் ஹார்ஸ். நொய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனையைப் பார்க்காமல் திரும்பினால் வீட்டில் சண்டை வரும் என்பவர்கள் மட்டும் யோசிக்காமல் ரொமான்டிக் சாலைக்கே போய்விடலாம்.

இரண்டுக்கும் பொதுவானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். ஜெர்மனியில் கார்களுக்குச் சுங்கச்சாவடி கிடையாது. இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச அனுமதியையும் வாங்கிச் செல்லுங்கள். ஊருக்குள் 50, ஊருக்கு வெளியே சாதாரணச் சாலைகளில் 100 கிலோமீட்டர் வேகம். கேமராக்கள் ஒளிந்துகொண்டு காத்திருக்கும். வலப்பக்கம் ஓட்டுவது இரண்டு நாளில் பழகிவிடும். பழகாதது வேறொன்று: பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கே முதல் உரிமை. குறுகலான சந்திலிருந்து சைக்கிளில் வரும் கிழவி நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவாள், அவளிடம் சட்டம் இருக்கிறது. கியர் போடத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் வண்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ரொமான்டிக் சாலை 1950இல் சுற்றுலாவுக்காகவே பெயர் சூட்டப்பட்ட தடம். வடக்கே வூர்ட்ஸ்பூர்க்கில் தொடங்கி, ஆல்ப்ஸ் மலையடியில் ஃப்யூசன் வரை தெற்கே இறங்குகிறது. பழுப்புநிறப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போனால் வழி தவறாது. பிராங்பர்ட் விமான நிலையத்திலிருந்து வூர்ட்ஸ்பூர்க் சுமார் 120 கிலோமீட்டர்தான் என்பது அதன் பெரிய வசதி. இந்தத் தடத்தில் இருப்பதைக் குறைத்துச் சொல்லிவிட முடியாது. வூர்ட்ஸ்பூர்க் அரண்மனையின் படிக்கட்டில் நின்று டியபோலோ என்ற இத்தாலிய ஓவியர் வரைந்த கூரை ஓவியத்தை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், மனம் நகராது. ஆக்ஸ்பூர்க்கில் ஃபுக்கராய் என்ற குடியிருப்பு இருக்கிறது. 1521இல் யாகோப் ஃபுக்கர் என்ற பெருவணிகர் ஏழைகளுக்காகக் கட்டியது. இன்றும் ஆண்டு வாடகை 88 சென்ட். கூடவே நாளுக்கு மூன்று வேளை பிரார்த்தனை. எங்கள் நால்வரின் ஒரு வேளைக் காப்பிச் செலவில் பத்தாண்டு வாடகை கட்டிவிடலாம்.

அந்தத் தடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஊர் நோர்ட்லிங்கன். ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு விழுந்த விண்கல் உண்டாக்கிய, 24 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஊர். மதில்மேல் ஊரை ஒரு முழு வட்டம் நடந்தே வரலாம். தேவாலயத்தின் 90 மீட்டர் கோபுரத்தை விண்கல் மோதி உருவான கல்லாலேயே கட்டியிருக்கிறார்கள். பத்து மணிக்குமேல் அதன் உச்சியிலிருந்து காவலர் அரை மணிக்கொரு முறை குரல் கொடுக்கிறார். மாமனார் முழங்கால் வலியோடு சன்னலோரம் உட்கார்ந்து பன்னிரண்டு மணி வரை அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இவ்வளவு இருந்தும் ஏன் ஹார்ஸ்? காரணம் ஒன்றுதான், அதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறேன்.

ரொமான்டிக் சாலை ஒரு கோடு. கோட்டில் போகிறவன் நேற்றுத் தூங்கிய ஊரில் இன்று தூங்க முடியாது. வூர்ட்ஸ்பூர்க், ரோத்தன்பூர்க், நோர்ட்லிங்கன், ஆக்ஸ்பூர்க் என்று எங்களுக்கு நாலு இரவு, நாலு ஊர். ரோத்தன்பூர்க்கிலிருந்து டிங்கெல்ஸ்ப்யூல் 45 கிலோமீட்டர் போல, அங்கிருந்து நோர்ட்லிங்கன் 30 சொச்சம். ஓட்டுகிற நேரம் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் காலையில் பெட்டி கட்டி, பத்து மணிக்குள் அறையைக் காலி செய்து, காரை எடுத்துவந்து, ஏற்றி, அடுத்த ஊரில் மூன்று மணி வரை அறை திறக்காமல் காத்திருந்து, மறுபடி இறக்கி, மறுபடி காரைக் கொண்டுபோய் மதிலுக்கு வெளியே விட்டுவர வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், நாளில் மூன்று மணி நேரம் இதற்கே போயிருக்கிறது. வழியில் இறங்கிப் பார்க்கும் ஊர்களிலும் நிம்மதி இல்லை. பின்னிருக்கை வரை அடைத்துவைத்த பெட்டிகளின் ஞாபகம் கூடவே வரும். அந்த ஊர்கள் மதில் கட்டியதே எதிரியின் வண்டி உள்ளே வரக்கூடாது என்றுதான். நம் வண்டிக்கும் அதே மரியாதை.

கார் நிறுத்துவதில் இன்னொரு சூட்சுமம். பல தெருக்களில் காசு கேட்கமாட்டார்கள், ஆனால் வந்த நேரத்தைக் காட்டும் நீலநிற அட்டையைக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். வாடகைக் காரின் கதவுப் பையிலேயே பெரும்பாலும் கிடக்கும். அதன் வட்டை வந்த நேரத்துக்கு அடுத்த அரை மணிக்குத் திருப்புவதுதான் விதி: 11.05க்கு வந்தால் 11.30. எனக்கு இது தெரியாது. நேர்மையாக 11.05 என்றே திருப்பிவைத்து, இருபத்தைந்து நிமிடத்தை ஊருக்குத் தானமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது நாள் பக்கத்துக் காரின் முதியவர் சன்னலைத் தட்டி, கையாலேயே சைகை செய்து திருத்தினார்.

ஹார்ஸ் ஊர்கள் கோட்டில் இல்லை, கொத்தாக இருக்கின்றன. குவெட்லின்பூர்க்கில் ஐந்து இரவுக்கு ஒரே வீடு எடுத்தோம், முற்றத்தில் கார் நிறுத்த இடத்தோடு. முன்பதிவுக்கு முன் நான் கேட்ட ஒரே கேள்வி, "வாசலிலிருந்து கார் எத்தனை அடி?" என்பதுதான். அங்கிருந்து வெர்னிகெரோடே முப்பது கிலோமீட்டர் போல, அதற்கப்பால் கோஸ்லர் இன்னொரு முப்பத்தைந்து. ஏ36 நெடுஞ்சாலை மூன்றையும் ஒரே கயிற்றில் கோத்திருக்கிறது. காலை இட்லி மாவு இல்லாத குறை தவிர வீட்டில் இருப்பதுபோலவே எழுந்து, சாப்பிட்டு, வெறுங்கையோடு கிளம்பி, இருட்டும் முன் திரும்பிவிடுவோம். மழை பெய்தால் போகமாட்டோம். நாளைக்குப் போகலாம் என்று சொல்ல முடிகிற சுதந்திரத்துக்காகத்தானே கார் எடுக்கிறோம்?

குவெட்லின்பூர்க்கே ஐந்து நாளுக்குத் தாங்கும் ஊர். 1994 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரச்சட்ட வீடுகள், அதாவது மரத்தால் கூடு கட்டி இடைவெளியை மண்ணாலும் செங்கல்லாலும் அடைத்த வீடுகள். 936இல் இறந்த அரசர் முதலாம் ஹைன்ரிஷை அடக்கம் செய்த குன்றுமேல் தேவாலயம் நிற்கிறது. அவர் மனைவி மட்டில்டே அங்கே உயர்குடிப் பெண்களுக்கான மடத்தை நிறுவினார். அதன் தலைவிகள் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஊரை ஆண்டிருக்கிறார்கள். தேவாலயப் பொக்கிஷத்தில் ஒரு பகுதியை 1945இல் ஓர் அமெரிக்கப் படைவீரர் ராணுவத் தபாலிலேயே டெக்சாஸுக்கு அனுப்பிவிட்டார். 1993இல்தான் பெரும்பகுதி திரும்பியது. கண்ணாடிப் பெட்டிக்குள் அதைப் பார்த்துவிட்டு, "தபால் செலவு யார் கொடுத்தது?" என்று கேட்டார் மாமனார்.

அவரைக் கட்டிப்போட்டது வீடுகள்தான். ஓய்வுபெற்ற கட்டட மேஸ்திரி அவர். வாசல் உத்திரங்களில் கட்டிய ஆண்டையும் கட்டியவர் பெயரையும் செதுக்கியிருக்கிறார்கள். உத்திர முனைகளில் விசிறிபோலவும் நட்சத்திரம்போலவும் பூவேலை. 1600களைச் சேர்ந்த ஓர் உத்திரத்தில் எழுத்துக் குழிவைக் கட்டைவிரலால் தடவி, உளி எந்தப் பக்கமிருந்து இறங்கியிருக்கிறது என்று எனக்குக் காட்டினார். மேல்மாடி கீழ்மாடியைவிட ஒரு சாண் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. சில வீடுகள் பக்கத்து வீட்டின் தோளில் சாய்ந்து நிற்கின்றன. ரோத்தன்பூர்க் இப்படிச் சாய்வதில்லை. 1945 மார்ச் இறுதியில் விழுந்த குண்டுகளில் அந்த ஊரின் ஏறத்தாழ 40 சதவீதம் அழிந்தது. பழைய உருவத்திலேயே திரும்பக் கட்டினார்கள். மதிலைச் சீராக்கப் பணம் தந்தவர்களின் பெயர்க் கற்களை நடைபாதையில் வாசித்துக்கொண்டே போகலாம். நன்றாகக் கட்டியிருக்கிறார்கள், குறை சொல்லவில்லை. குவெட்லின்பூர்க் பிழைத்த கதை வேறு. கிழக்கு ஜெர்மனி அரசிடம் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கவும் பணமில்லை, மொத்தமாக இடித்து அடுக்குமாடி கட்டவும் போதுமான பணமில்லை. ஏழ்மை காப்பாற்றிய ஊர்.

கோஸ்லர் மேற்கு ஜெர்மனியில் இருந்த ஊர், பணக்காரக் களை தெரிகிறது. அரசமாளிகையைவிட ராம்மல்ஸ்பெர்க் சுரங்கத்தைப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தாது எடுத்து 1988இல் மூடிய சுரங்கம், 1992இல் பழைய நகரத்தோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலுக்குள் வந்தது. அங்கிருந்து கிழக்கே திரும்பும்போது பழைய எல்லையைக் கடக்கிறோம், ஆனால் கார் அதை உணர்வதில்லை. நாட்டின் பல சாலைகளில், ஜெர்மனி இந்த இடத்தில் எந்த நாள் வரை பிரிந்திருந்தது என்று சொல்லும் பழுப்புநிறப் பலகைகள் இருக்கின்றன. வேகத்தைக் குறைத்தால்தான் படிக்க முடியும்.

வெர்னிகெரோடேயிலிருந்து 1,141 மீட்டர் உயர புரோக்கன் மலைக்கு நீராவி ரயில் ஏறுகிறது. காரில் மேலே போக முடியாது. போக வர ஆளுக்கு ஐம்பது யூரோவுக்கு மேல் என்பது நெஞ்சை அடைக்கிற கட்டணம். ஆண்டில் முந்நூறு நாள் போல அங்கே மூடுபனி; எங்களுக்கும் அதுதான் வாய்த்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் ஏறிப்போய் வெள்ளைத் துணிக்குள் நின்றுவிட்டு வந்தோம். கிழக்கு ஜெர்மனி காலத்தில் ஒட்டுக்கேட்கும் நிலையமாகப் பூட்டிவைத்திருந்த உச்சி, 1989 டிசம்பர் 3ஆம் தேதி மக்கள் நடந்தே ஏறி வாசலைத் திறக்கவைத்த இடம் என்ற கதையை அந்தப் பனிக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமியார் குளிரில் அதில் பாதியைத்தான் கேட்டிருப்பார்.

ஹார்ஸின் குறைகளை மறைக்கக்கூடாது. 2018 முதல் வறட்சியும் பட்டைவண்டும் சேர்ந்து ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடுகளைப் பெருமளவு கொன்றுவிட்டன. மலைச்சரிவுகளில் சாம்பல்நிறக் குச்சிகளாக நிற்கும் மரங்களைப் பார்த்து மனைவி சிறிது நேரம் பேசவில்லை. பிராங்பர்ட்டில் இறங்கினால் நாலு மணி நேர ஓட்டம். லைப்சிக் அல்லது ஹனோவருக்கு விமானம் கிடைத்தால் எளிது. சைவர்களுக்கு இரண்டு இடத்திலும் பாலாடைக்கட்டி கலந்த, இடியாப்பம் போன்ற மாவுணவுதான் கதி. ஹார்ஸ் பெயரிலேயே ஒரு பாலாடைக்கட்டி உண்டு, அதைக் காருக்குள் வைக்காதீர்கள். நான் போனது செப்டம்பரில். பனிக்காலத்தில் மலைச்சாலை எப்படி என்பதை என்னை நம்பி முடிவு செய்ய வேண்டாம். ரொமான்டிக் சாலையிலும் ஆக்ஸ்பூர்க்குக்குத் தெற்கே நாங்கள் போகவில்லை. நொய்ஷ்வான்ஸ்டைனுக்கு நேரம் குறித்த டிக்கெட் கிடைக்காமல் திரும்பினோம்.

ரொமான்டிக் சாலைதான் என்று முடிவெடுத்தால், ஊருக்கு ஓர் இரவு என்ற கணக்கை மட்டும் விட்டுவிடுங்கள். மதிலுக்கு வெளியே கார் நிறுத்தத்தோடு டிங்கெல்ஸ்ப்யூல் பக்கம் மூன்று இரவு, ஆக்ஸ்பூர்க்கில் மூன்று இரவு என்று இரண்டே கூடாரம் போட்டால் ஏறக்குறைய எல்லாம் பகல் பயணத்துக்குள் வந்துவிடும். திரும்பும்போது பழுப்புப் பலகைகளை மறந்துவிட்டு ஏ7 நெடுஞ்சாலையில் ஏறிவிடுங்கள். ஃப்யூசனிலிருந்து வூர்ட்ஸ்பூர்க் பக்கம் வரை ஒரே சாலை. இதை நான் செய்து பார்க்கவில்லை, வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்ததுதான்.

குவெட்லின்பூர்க்கில் சக்கரம் கழன்ற அதே பெரிய பெட்டியைத்தான் கொண்டுபோயிருந்தோம். ஐந்து நாளும் அது அலமாரிக்கு மேலேயே கிடந்தது.