படுத்து எடுக்கும் இசிஜியா, நடந்து எடுக்கும் இசிஜியா?

என் மாமாவுக்கு நெஞ்சு இறுக்குவது ஒரே இடத்தில்தான். குடமுருட்டி ஆற்றங்கரையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறும்போது இறுக்கும். மேலே போய் இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும். கும்பகோணத்தில் எடுத்த இசிஜியில் ஒன்றுமில்லை. அந்தக் காகிதத்தை நிலப் பட்டாவோடு சேர்த்துப் பத்திரப்படுத்திவிட்டார்.

படுத்து எடுக்கும் இசிஜியை நான் மட்டம் தட்டமாட்டேன். வலி இருக்கும்போதே எடுத்தால் அதற்கு ஈடில்லை. இதய ரத்தக்குழாய் முழுதாக அடைத்தால் எஸ்டி கோடு (இசிஜியில் ஒவ்வொரு துடிப்பின் கூர்முனைக்கும் அடுத்து வரும் தட்டையான பகுதி) பெரும்பாலும் மேலேறி நின்று காட்டிக்கொடுக்கும். நெஞ்சுவலியோடு வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் எடுக்கச் சொல்வது அதனால்தான். சந்தேகம் தீராவிட்டால் இதயத் தசை பாதித்ததைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை துணைக்கு வரும். ஆனால் வலியில்லாத நேரத்தில் எடுத்த நல்ல இசிஜி, அடைப்பு இல்லை என்பதற்கு அத்தாட்சி அல்ல. தூர்ந்த வாய்க்காலும் ஒரு வயலுக்குப் பாயும். நாலு வயலும் ஒரே நாளில் கேட்டால்தான் குறை தெரியும். படுத்தபடி எடுக்கும் எக்கோ என்ற இதய ஸ்கேனுக்கும் இதே கதைதான்.

டிரெட்மில், அதாவது ஓடும் பட்டையில் நடக்கவைத்து எடுக்கும் இசிஜி, அந்த நாலு வயலையும் ஒன்றாகத் திறந்துவிடுகிறது. வழக்கமான புரூஸ் முறையில் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றத்தில் தொடங்கும். 3 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டும் கூடும். எஸ்டி கோடு 1 மில்லிமீட்டர், அதாவது காகிதத்தில் ஒரு சிறு கட்டம், சரிந்தால் ரத்த ஓட்டம் போதவில்லை என்று சந்தேகிப்பார்கள். டெல்டாவில் மேடு ஏது? ஆற்றங்கரையும் பாலமும்தான். பலர் தம் வலியைத் தெரிந்துகொள்ளாமலே இருப்பதற்கு இந்தச் சமதரையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

டிரெட்மில்லும் தவறும். அடைப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரைக் கோட்டைவிடும். பெண்களிடம் வீண் பயம் காட்டுவதும் உண்டு. நடவு நட்டு முழங்கால் தேய்ந்தவர்களால் போதிய அளவு நடக்கவும் முடியாது. சும்மா இருக்கும்போதே வலிக்கிறவரை அதில் ஏற்றவே கூடாது, அவருக்கு 108தான்.

மாமாவையும் டிரெட்மில்லில் ஏற்றினார்கள். வேகமும் ஏற்றமும் முதல்முறை கூடியதும், “மாப்பிள்ளை, இது நம்ம கரையேதான்” என்று மார்பைத் தொட்டார். கோடு இரண்டு கட்டம் இறங்கியிருந்தது. அடைப்பை நேரில் படம்பிடிக்கும் ஆஞ்சியோகிராமுக்கு நாள் குறித்தார்கள். குறுவை அறுப்பு முடியட்டுமே என்றார், டாக்டர் ஒப்பவில்லை.