நடையா, படியா, நீச்சலா, எடையா: வாரம் மூன்று மணி நேரத்தை எதற்குக் கொடுப்பது?

வேலை, வீடு, பிள்ளைகளின் டியூஷன் எல்லாம் போக வாரத்தில் மூன்று மணி நேரம்தான் மிஞ்சுகிறது என்பவர்களுக்காக இந்த அலசல். சிங்கப்பூரில் அதிகச் செலவில்லாத வழிகள் நான்கு உண்டு: பூங்கா இணைப்புப் பாதையில் வேக நடை, வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்கின் படிக்கட்டு, பொது நீச்சல் குளம், எடை தூக்க அரசின் ஆக்டிவ்எஸ்ஜி ஜிம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் தமிழ்க் குடும்பங்களில் நடப்பவர்களுக்குக் குறைவில்லை. தசைக்கு வேலை கொடுப்பவர்கள்தான் குறைவு.

எதை வைத்து ஒப்பிடுவது? இங்கே பள்ளியில் படித்தவர்களுக்கு நாஃபா என்ற உடல் தகுதிச் சோதனை நினைவிருக்கும். 2.4 கிலோமீட்டர் ஓட்டம் இதயமும் நுரையீரலும் எவ்வளவு தாங்கும் என்று பார்த்தது. புல்-அப் கை, தோள் வலிமையைப் பார்த்தது. சிட்-அப் வயிற்றுத் தசை களைக்காமல் எவ்வளவு நேரம் உழைக்கும் என்று காட்டியது. உட்கார்ந்து கால் விரலுக்கு அப்பால் கையை நீட்டியது நெகிழ்வுக்கு. நின்ற இடத்திலிருந்து தாண்டியது காலின் விசைக்கு, ஷட்டில் ரன் சுறுசுறுப்புக்கு. இவற்றோடு உடலில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்பதையும், வயதானவர்களுக்குச் சமநிலையையும் சேர்த்தால் உடல் தகுதியின் முழுக் கணக்கு வந்துவிடும். ஒரே பயிற்சி இவை எல்லாவற்றையும் கொடுக்காது.

நடையில் தொடங்குவோம். 300 கிலோமீட்டரைத் தாண்டிய இணைப்புப் பாதைகள், 24 கிலோமீட்டர் ரயில் காரிடார், பிடோக் நீர்த்தேக்கச் சுற்று என்று நடக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. 2015இல் காலடி எண்ணி நடக்கத் தூண்டும் நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்ச் வந்த பிறகு அத்தைமார்கூடக் கையில் பட்டை கட்டிக்கொண்டு காலடி எண்ண ஆரம்பித்தார்கள். அதனால் நன்மை நிறைய: ரத்த அழுத்தம் குறையும், மனம் லேசாகும், தூக்கம் நன்றாக வரும். சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சர்க்கரை சட்டென்று ஏறுவதும் தணியும். தசை சுருங்கி வேலை செய்யும்போது இன்சுலின் உதவி இல்லாமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். இங்கே இந்தியர்களிடையே நீரிழிவு சீனர்களைவிட அதிகம். இந்த ஒரு காரணத்துக்காகவே இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நடையை யாரும் கைவிடக்கூடாது என்பேன்.

ஆனால் எண்ணிக்கை வேறு, வேகம் வேறு. முஸ்தபா கடையில் இரண்டு மணி நேரம் சுற்றினால் காலடிக் கணக்கு ஏறும், மூச்சு ஏறாது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 காலடி வைத்தால்தான் மிதமான உழைப்பு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அப்படி வாரம் 150 முதல் 300 நிமிடம் தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். கடினமான உழைப்பாக இருந்தால் அதில் பாதி போதும். சரி, நடை தராதது எது? இடுப்புக்கு மேலே உள்ள தசைகளுக்கு ஏறக்குறைய எதுவுமே தராது.

நேரம் குறைவாக உள்ளவர்களுக்குப் படிக்கட்டை மிஞ்ச ஒன்றுமில்லை. லண்டனின் இரட்டைத்தள பேருந்துகளில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெர்மி மோரிஸ் 1953இல் காட்டினார். ஓட்டுநர்களின் சீருடை இடுப்பளவு ஆரம்பத்திலிருந்தே பெரிதாக இருந்ததையும் அவரே பின்னர் எடுத்துச் சொன்னார். எனவே முழுப் பெருமையையும் படிக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் உடற்பயிற்சி பற்றிய ஆய்வுகளுக்கு வழி திறந்தது அந்த வேலைதான்.

பத்து மாடி ஏறினால் இதயமும் தொடையும் சேர்ந்து உழைக்கும். பயிற்சி ஒரேயடியாகப் பத்து நிமிடமாவது நீடித்தால்தான் கணக்கு என்ற பழைய விதியையும் அதே 2020 வழிகாட்டுதல் எடுத்துவிட்டது. ஆகவே வேலை முடிந்து வரும்போது மூன்று நிமிடம் ஏறினாலும் அது சேரும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறுவதற்குப் படியையும் இறங்குவதற்கு மின்தூக்கியையும் வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் மூட்டைச் சோதிப்பது பெரும்பாலும் இறக்கம்தான். மழை நாளில் சாரல் அடித்துப் படி வழுக்கும். அன்று வேண்டாம்.

நீச்சல் மூட்டுக்கு மிக இதமானது. மார்பளவுத் தண்ணீரில் நின்றாலே கால் தாங்கும் எடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். முழங்கால் தேய்ந்தவர்களும் உடல் பருத்தவர்களும் வலியில்லாமல் மூச்சு வாங்க உழைக்கலாம். நீந்தத் தெரியாவிட்டால் தண்ணீரில் நடக்கலாம். கை, தோள், முதுகு எல்லாம் வேலை செய்யும், நம் புழுக்கத்தில் வேர்வை உறுத்தாது. குறை இரண்டு. எடை தாங்காததால் எலும்புக்கு வலு சேர்வது குறைவு. அப்புறம், மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் எல்லோரும் கரையேற வேண்டும். பிற்பகலில் இடி மழை கொட்டும் ஊரில் இது அடிக்கடி நடப்பதுதான்.

எடைப் பயிற்சியைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. முப்பதுகளுக்குப் பிறகு, பயன்படுத்தாத தசை ஒவ்வொரு பத்தாண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அறுபதுக்குப் பின் வேகம் கூடுகிறது. குளுக்கோஸைச் சேர்த்து வைக்கும் பெரிய கிடங்கே தசைதான், ஆகவே அது சுருங்கினால் சர்க்கரைக் கட்டுப்பாடும் தளரும். கழிப்பறை இருக்கையிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, தேக்கா சந்தையிலிருந்து பத்துக் கிலோ அரிசியைத் தூக்கி வருவது, தடுக்கினால் விழாமல் சமாளிப்பது எல்லாமே வலிமையை நம்பியிருக்கின்றன.

நம் ஆண்கள் பலருக்கு ஐபிபிடி என்ற தேசிய சேவை உடல் தகுதிச் சோதனைக் கடமை முடிகிற வயதோடு புஷ்-அப்பும் முடிந்துவிடுகிறது. பெண்கள் பலருக்கு வலிமைப் பயிற்சியே நாஃபாவோடு நின்றுபோகிறது. எடை தூக்கினால் உடம்பு ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிடும் என்று தயங்கும் அக்காமாரிடம் நான் அழுத்திச் சொல்வேன்: ஆகாது. அதற்கு வேண்டிய ஹார்மோன் பெண் உடலில் மிகக் குறைவு. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு மெலியும் காலத்தில் எடை தூக்குவது ஆடம்பரமே இல்லை, தேவை. வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி செய்ய வேண்டும் என்பது அந்த உலக வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. காலடி எண்ணும் ஆர்வத்தில் அந்த வரியை மறந்துவிடுகிறோம்.

ஆக்டிவ்எஸ்ஜி ஜிம்மின் நுழைவுக் கட்டணம் தனியார் ஜிம்மின் மாதச் சந்தாவுக்குப் பக்கத்திலேயே வராது. முழு ஷூவும் ஒரு துண்டும் எடுத்துப் போங்கள். உட்கார்ந்து எழுவது, தள்ளுவது, இழுப்பது, தரையிலிருந்து தூக்குவது என்று நான்கு அசைவு போதும். ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை, இரண்டு சுற்று. கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் எடையைக் கூட்ட வேண்டும். புளோக்குக்குக் கீழே இருக்கும் உடற்பயிற்சிக் கருவிகளை இந்த இடத்தில்தான் ஜிம் முந்துகிறது. அங்கே பெரும்பாலான கருவிகளில் எடையைக் கூட்ட வழியில்லை. ஆனால் கூச்சம் போக, ஆரம்ப மாதங்களுக்கு அவை நல்ல இடம். அங்குள்ள கம்பியில் தொங்குவதே பிடிப்புக்கு நல்ல பயிற்சி.

சமூக மன்றத்து யோகா வகுப்பு நெகிழ்வுக்கும் சமநிலைக்கும் நல்லது. மூச்சு வாங்கும் உழைப்புக்கு அதை மாற்றாக வைக்க வேண்டாம்.

மூன்று மணி நேரத்தை நான் பிரிப்பது இப்படி. வேக நடை மூன்று நாள், அரை மணி வீதம்: 90 நிமிடம். படிக்கட்டு மொத்தம் 30 நிமிடம், சிறு சிறு துண்டுகளாக. அது கடின உழைப்பு என்பதால் 60 ஆகக் கணக்கு வரும், நடையோடு சேர்த்து 150 ஆகிவிடும். மீதி ஒரு மணி நேரம் எடைக்கு, அரை மணியாக இரண்டு நாள். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் நடையையும் படியையும் நீச்சலுக்கு மாற்றலாம். எடையை மட்டும் விட வேண்டாம். வயது 65ஐத் தாண்டியிருந்தால் வாரம் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் சேர வேண்டும். சமையலறை மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்று அதைத் தொடங்கலாம்.

இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரையை இறக்கும் சில வகை மாத்திரைகள் எடுப்பவர்களும் புதிதாகத் தொடங்கும் முன் மருத்துவரிடம் பேசுங்கள். பயிற்சி நேரத்திலும் அதற்குப் பிந்தைய சில மணி நேரத்திலும் சர்க்கரை இறங்கக்கூடும். பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள்.