காசு கொடுத்து வாங்கிய ஆட்டங்கள் இலவசமான பிறகு

டீம் ஃபோர்ட்ரஸ் 2, சிஎஸ்கோ (கவுன்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவ்), ராக்கெட் லீக், ஓவர்வாட்ச். இந்த நான்கு ஆன்லைன் வீடியோ கேம்களையும் காசு கொடுத்து வாங்கி ஆடியவன் நான். நான்குமே பின்னால் ஃப்ரீ-டு-ப்ளே, அதாவது காசில்லாமல் ஆடலாம் என்று ஆகிவிட்டன. அதற்கு முன்பும் ஆடியிருக்கிறேன், அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் ஆடியிருக்கிறேன்.

ஓர் ஆட்டம் இலவசமாகப் போகிறது என்று அறிவிப்பு வந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே சண்டைதான். "நாங்கள் கொடுத்த காசுக்கு என்ன பதில்?" என்று பழைய ஆட்கள் கேட்பார்கள். "ஆள் வந்தால்தானே ஆட்டம் ஓடும்" என்று மற்றவர்கள் சொல்வார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இத்தனை வருடம் ஆடியதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு விஷயம். ஆட்டத்தின் விலை ஒரு வேலியாகவும் இருந்தது. ஹேக் (ஏமாற்று மென்பொருள்) போட்டுப் பிடிபட்டால் ஐடி (கணக்கு) போய்விடும், மறுபடி ஆட வேண்டுமானால் மறுபடி காசு கொடுக்க வேண்டும். விலையை எடுத்ததும் அந்த வேலியும் போய்விடுகிறது. அந்த இடத்தில் எதை வைத்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் ஆட்டம் தேறுவதும் கெடுவதும்.

இரண்டு அணிகள் சுட்டுக்கொள்ளும் டீம் ஃபோர்ட்ரஸ் 2ஐ வால்வ் நிறுவனம் வெளியிட்டது 2007இல். இலவசமானது 2011 ஜூன் 23. அதற்கு ஒன்பது மாதம் முன்பே உள்ளே மான் கோ கடையைத் திறந்து தொப்பி, துப்பாக்கி, பெட்டி, அந்தப் பெட்டியைத் திறக்கச் சாவி எல்லாம் விற்க ஆரம்பித்துவிட்டார்கள். இலவசமாக வந்தவர்களுக்குப் பையில் 50 இடம்தான், பிரீமியம் ஆட்களுக்கு 300. இலவச ஐடியில் இருந்து பொருளை இன்னொருவருக்கு டிரேடில் கொடுக்க முடியாது. கடையில் ஒரே ஒருமுறை எதையாவது வாங்கிவிட்டால் பிரீமியம் ஆகிவிடலாம். முன்பே ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு அடையாளமாக ஒரு தொப்பி கொடுத்தார்கள், பெயர் 'ப்ரூஃப் ஆஃப் பர்ச்சேஸ்'.

அந்தக் கோடையில் சர்வர்கள் நிரம்பி வழிந்தன. பழையவர்களில் சிலர் புது ஆட்களைத் தொப்பியை வைத்தே அடையாளம் கண்டு, வோட் போட்டு வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்காது. மெடிக் (அணியினரைக் குணப்படுத்தும் பாத்திரம்) ஆடத் தெரியாமல் வந்த பையன்கள் இரண்டு மூன்று மாதத்தில் நல்ல மெடிக் ஆனதை நான் பார்த்திருக்கிறேன். காசு கொடுக்க வழியில்லாததால் மட்டுமே வெளியே நின்றிருந்தவர்கள் அவர்கள். அப்போது ஸ்டீமில் (வால்வின் இணையக் கடை) ரூபாய் விலைகூடக் கிடையாது, அது 2015இல்தான் வந்தது. டாலரில் வாங்க வீட்டில் யாரிடம் போய் கார்டு கேட்பது?

அந்த முதல் சில வருடங்கள் ஆட்டம் கெடாமல் இருந்ததற்குக் காரணம் கம்யூனிட்டி சர்வர்கள் என்பது என் கருத்து. சர்வர் நடத்துபவர் ஒருவர் இருப்பார், அட்மின்கள் இருப்பார்கள். ஹேக்கர் வந்தால் அடுத்த நிமிடமே வெளியே. விலை என்ற வேலி போனாலும் வாசலில் ஆள் நின்றார்கள். 2016 ஜூலையில் ஆட்களைத் தானாகச் சேர்க்கும் மேட்ச்மேக்கிங் முறையைக் கொண்டுவந்து கேஷுவலை (ராங்க் இல்லாத சாதாரண ஆட்டம்) முதன்மையாக்கியதும் கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. அங்கே அட்மின் கிடையாது. 2020 வாக்கில் ஸ்னைப்பர் பாட்கள் (ஆள் இல்லாமல் தானாக ஆடும் நிரல்கள்) படையாக உள்ளே வந்தன. திரும்புவதற்குள் தலையில் சுடும், சாட்டில் கண்டதையும் கொட்டும், சேர்ந்து வோட் போட்டு மனிதர்களையே வெளியேற்றும். ஐடி இலவசம் என்பதால் ஒன்று போனால் அடுத்தது தயாராக இருக்கும். இதைத் தடுக்கப் புதிய இலவச ஐடிகளின் சாட்டை அடைத்தார்கள். பாட்கள் அப்போதும் சுட்டுக்கொண்டேதான் இருந்தன. நிஜமாகவே புதிதாக வந்தவன்தான் வாய் திறக்க முடியாமல் ஆடினான். 2022 மே மாதம் ஆட்டக்காரர்கள் 'சேவ் டிஎஃப்2' என்று இணையம் முழுக்கக் குரல் எழுப்பினார்கள். 2024இல் இன்னொரு முறை அதே குரல் எழுந்தபின், அந்த வருடம் நடுவில் கூட்டம் கூட்டமாக ஐடிகளை பேன் செய்த பிறகுதான் கேஷுவலில் மூச்சு விட முடிந்தது. நான்கு வருடம் அதிகம். நல்ல ஆட்கள் எத்தனையோ பேர் அதற்குள் போய்விட்டார்கள்.

சிஎஸ்கோ கதை வேறு. 2012இல் 15 டாலருக்கு வந்தது. 2018 டிசம்பர் 6 அன்று, டேஞ்சர் ஸோன் என்ற பேட்டில் ராயல் மோடோடு சேர்த்து இலவசமாக்கினார்கள். ஸ்டீமில் அன்றைக்கே எதிர்மறை ரிவ்யூக்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. நான் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை, ஏனென்றால் வால்வ் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்திருந்தது: முன்பு வாங்கிய எல்லோருக்கும் பிரைம் என்ற தகுதி கொடுத்து, பிரைம் ஆட்கள் பிரைம் ஆட்களோடு ஆடும்படி வைத்திருந்தது. இலவசமாக வந்தவர் 21ஆவது லெவல் வரை ஆடினால் அவருக்கும் பிரைம் கிடைக்கும். பொறுமையை வேலியாக வைத்தார்கள் என்று சொல்லலாம். எங்கள் செட்டில் சிலர் அப்படித்தான் மாதக்கணக்கில் ஆடி பிரைம் வாங்கினார்கள். அவர்களுடைய ஐடியை அவர்கள் பார்த்துக்கொண்ட விதமே தனி.

பிரச்சினை என்னவென்றால், லெவல் ஏற்றும் பாட்களுக்கும் பொறுமை உண்டு. லெவல் ஏற்றிய ஐடிகளை விற்பதே ஒரு வியாபாரமாகிப் போனது. 2021 ஜூனில் அந்த வழியை மூடிவிட்டு, பிரைம் வேண்டுமானால் 15 டாலர் கொடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். அதாவது பழைய விலை வேறு பெயரில் திரும்பி வந்தது. 2023 செப்டம்பரில் சிஎஸ்கோவின் இடத்தில் சிஎஸ்2 வந்த பிறகும் பிரீமியர் என்ற ராங்க் ஆட்டம் ஆட பிரைம் வேண்டும். இலவசம் என்று போர்டு மாட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது ஒரு டெமோதான். எனக்கு இதில் வருத்தமில்லை. ஆட்டத்தை இறக்கிப் பார்க்கலாம், நம் கணினியில் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ளலாம், சென்னை, மும்பை சர்வர்களுக்குப் பிங் (இணையத் தாமதம்) எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம், பிடித்தால் வாங்கலாம். சீரியஸாக ஆடுபவர்கள் இன்றைக்கும் ஃபேஸ்இட் போன்ற தனி மேடைக்குப் போகிறார்கள் என்பதும் உண்மை. காரணம், 15 டாலர் வேலியையும் தாண்டி வரும் ஹேக்கர்கள் இருக்கிறார்கள்.

சிஎஸ் பற்றிப் பேசிவிட்டு, காசு கொடுத்துத் திறந்தால் என்ன விழும் என்று தெரியாத பெட்டியைப் பற்றிப் பேசாமல் போகக்கூடாது. இலவசமாக ஓடும் ஆட்டத்துக்குச் சோறு போடுவது அதுதான். ஸ்கின்கள் (துப்பாக்கி, கத்தியின் அலங்காரத் தோற்றங்கள்) 2013 ஆகஸ்டில் வந்தன, பெட்டியைத் திறக்கும் சாவி ஒன்று 2.49 டாலர். சீனாவில் இந்த ஆட்டத்தை நடத்தும் பெர்ஃபெக்ட் வேர்ல்ட் 2017இல் வெளியிட்ட கணக்கின்படி கத்தி விழும் வாய்ப்பு 0.26 சதவீதம், அதாவது ஏறக்குறைய 385 பெட்டிக்கு ஒன்று. சாவிக்கு மட்டும் 950 டாலருக்கு மேல் ஆகிறது, அப்போதும் கத்தி விழும் என்று உறுதியில்லை. பெல்ஜியம் 2018இல் காசு வாங்கும் இப்படிப்பட்ட பெட்டியை (லூட் பாக்ஸ்) சூதாட்டம் என்று அறிவித்தது, அங்கே பெட்டி திறப்பதையே நிறுத்த வேண்டியதாயிற்று. பதினைந்து வயதுப் பையன் கையில் இதைக் கொடுத்துவிட்டு 'ஆட்டம் இலவசம்' என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்கின் பிடித்திருந்தால் மார்க்கெட்டில் நேராக விலை பார்த்து வாங்கிவிடுங்கள், பெட்டி வேண்டாம். இதை என் தம்பி வயதுப் பிள்ளைகள் எல்லோரிடமும் சொல்கிறேன்.

நான்கிலும் நன்றாக மாறியது, காரை ஓட்டிப் பந்தைக் கோலுக்குள் தள்ளும் ராக்கெட் லீக்தான். 2015 ஜூலையில் வந்தது, 2019இல் எபிக் நிறுவனம் அதை உருவாக்கிய சயோனிக்ஸை வாங்கியது, 2020 செப்டம்பர் 23 அன்று இலவசமானது. இங்கே எந்தக் காரை வாங்கினாலும் அதன் மோதும் அளவு (பந்தில் படும் வடிவம்) ஆறு வகைகளில் ஒன்றுதான். ஆரம்பத்திலேயே கையில் கிடைக்கும் ஆக்டேன் காரின் அளவில்தான் உலகப் போட்டிகளில் ஆடுபவர்களிலும் பெரும்பாலோர் ஓட்டுகிறார்கள். காசால் வாங்க முடிவது பெயின்ட், சக்கரம், கோல் வெடிப்பு இவ்வளவுதான். பந்து எங்கே விழும் என்று கணிக்கும் கண்ணை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆகவே விலையை எடுத்தபோது ஆட்டத்தின் உள்ளே எதுவும் அசையவில்லை. முன்பு வாங்கியவர்களுக்கு, அதுவரை விற்ற ராக்கெட் லீக் பெயரிலான டிஎல்சி (கூடுதலாக வாங்கும்) கார்கள் எல்லாம் கிடைத்தன, எந்த வருடம் சேர்ந்தோம் என்று காட்டும் பட்டமும் கிடைத்தது. அந்தப் பட்டத்தை நான் இன்னும் மாட்டிக்கொண்டுதான் ஆடுகிறேன், எனக்கு அதில் பெருமை உண்டு.

கீழ் ராங்குகளில் அப்போது நடந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதற்கு முன் ப்ரான்ஸ் (வெண்கலம்), சில்வர் ராங்கில் புதிதாக ஆரம்பித்தவருக்கு எதிரில் பெரும்பாலும் பல வருடம் ஆடிய ஆள்தான் நிற்பார். இலவசமானதும் ஒரே நேரத்தில் லட்சக்கணக்கானோர் தொடங்கியதால் தெரியாதவர்கள் தெரியாதவர்களோடு ஆடினார்கள். பந்தைத் தொடவே தெரியாத ஆறு பேர் ஒரே மேட்சில் சிரித்துக்கொண்டு ஆடுவது எந்த ஆட்டத்துக்கும் நல்ல காலம். எங்கள் செட்டில் மொபைலைத் தவிர எதிலும் ஆடாதவர்கள்கூட அப்போது லேப்டாப்பில் இறக்கிப் பார்த்தார்கள். ஸ்மர்ஃப்கள் (புது ஐடி எடுத்துக் கீழ் ராங்கில் ஆடும் கைதேர்ந்தவர்கள்) வந்தது உண்மை. போட்டி ராங்குக்கு லெவல் 10 வேண்டும் என்பது பெரிய தடையில்லை. 2023 தொடக்கத்தில் நெக்ஸ்டோ என்ற செயற்கை அறிவு பாட்டைச் சிலர் ராங்க் மேட்சில் ஓட்டியதும் நடந்தது. ஆனாலும் ஆட்டம் நிமிர்ந்து நின்றது.

ஆனால் எல்லாமே நல்லதாக இல்லை. இலவசமானபோது ஸ்டீமில் புதிதாக இறக்குவது நின்றுவிட்டது, புதியவர்கள் எபிக் கடைக்குத்தான் போக வேண்டும். மேக், லினக்ஸ் ஆதரவை அதே வருடம் மார்ச்சிலேயே நிறுத்தியிருந்தார்கள். 2023 டிசம்பர் 5 அன்று ஆட்டக்காரர்களுக்குள் நடக்கும் டிரேடையும் நிறுத்தினார்கள். டிரேட் செய்தே வேண்டிய பொருளைச் சேர்த்த பையன்களுக்கு அது பெரிய அடி, ஏனென்றால் இனிமேல் வழி கடை ஒன்றுதான். இலவச ஆட்டம் பழசாகும்போது இப்படித்தான் பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்படும்.

ஓவர்வாட்ச் பற்றி எழுத மனம் கனக்கிறது. 2016 மேயில் வந்த அந்தச் சுடும் ஆட்டத்தில் எல்லா ஹீரோவும் (ஆடும் பாத்திரம்) எல்லோருக்கும் திறந்திருக்கும். எதிரணி பறந்து சுடும் ஃபாராவை எடுத்தால் நீங்கள் உடனே குறிபார்த்துச் சுடும் விடோமேக்கருக்கு மாறலாம். மேட்ச் நடுவில் ஹீரோ மாற்றுவதுதான் அந்த ஆட்டத்தின் உயிர். 2022 அக்டோபர் 4 அன்று இரண்டாம் பாகம் இலவசமாக வந்தது. முந்தைய நாளே முதல் ஆட்டத்தின் சர்வரை அணைத்துவிட்டார்கள். ஆறுக்கு ஆறு போய் ஐந்துக்கு ஐந்து ஆனது. காசு கொடுத்து வாங்கியவர் எவரும் அந்தப் பழைய ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது. சிஎஸ், ராக்கெட் லீக் எல்லாம் விலையை மட்டும்தான் எடுத்தன. இங்கே வாங்கிய பொருளே போய்விட்டது.

அதைவிடக் கொடுமை, புது ஹீரோவை பேட்டில் பாஸுக்குள் (ஆட ஆடப் படிப்படியாகப் பரிசு தரும் சீசன் சீட்டு) வைத்தது. கிரிகோ என்ற ஹீரோவை இலவசமாக எடுக்க 55ஆவது படிவரை ஏற வேண்டியிருந்தது, காசு கட்டினால் உடனே கிடைத்தது. புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழைய ஹீரோக்களே சுமார் 100 மேட்ச் ஆடினால்தான் முழுதாகத் திறந்தன. முதல் சீசனில் வாரச் சவால்கள் எல்லாவற்றையும் முடித்தால் 60 காயின், ஒரு லெஜண்டரி ஸ்கின் 1,900 காயின். வாரம் தவறாமல் ஆடினால் ஏழு மாதத்துக்கு மேல் ஆகி ஒரு சட்டை. இந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. எந்தக் கதைமுறை ஆட்டத்தைச் சொல்லி 'இரண்டு' என்று பெயர் வைத்தார்களோ அதன் முக்கியப் பகுதியை 2023 மேயில் கைவிட்டார்கள். அந்த ஆகஸ்டில் ஸ்டீமுக்கு வந்ததும் ரிவ்யூக்களில் எல்லோரும் கொட்டித் தீர்த்தார்கள்.

பாராட்ட வேண்டியதையும் சொல்கிறேன். 2024 ஏப்ரலில் புது ஹீரோக்களை பேட்டில் பாஸில் இருந்து எடுத்து எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 2025இல் லூட் பாக்ஸ் ஆடிச் சம்பாதிக்கும்படி திரும்பியது. ஹீரோ திறந்த வாரத்திலேயே மேட்சுகளின் தரம் மாறியது எனக்குத் தெரிந்தது, எதிரணிக்குப் பதில் சொல்லும் ஹீரோ மறுபடி எல்லோர் கையிலும் இருந்ததால். ஒன்றரை வருடம் முன்பே செய்திருக்க வேண்டியது.

சங்கடத்தை உண்டாக்கி, அதற்கு மருந்தை விற்பது பழைய வழக்கம்தான். ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக் 2012 நவம்பரில் மாதச் சந்தாவில் இருந்து இலவசத்துக்கு மாறியபோது, இலவச ஆட்டக்காரருக்கு ஸ்கில் பட்டன் வைக்கும் பட்டை இரண்டுதான் தந்தது. கூடுதல் பட்டை வேண்டுமானால் காசு. கைவசம் இருக்கும் ஸ்கில்லை அழுத்தப் பட்டனுக்கு விலை!

இப்போது ஏதாவது ஆட்டம் இலவசமாகப் போகிறது என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் பார்ப்பது, மேட்சை ஜெயிக்க உதவும் எதையாவது பூட்டி வைத்திருக்கிறார்களா என்பதை. பூட்டியிருந்தால் எவ்வளவு பெரிய பெயரானாலும் தள்ளிவிடுவேன். அப்புறம், ஒரு ஐடி போனால் அடுத்தது எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்ப்பேன். இரண்டு நிமிடத்தில் முடியுமானால் ராங்க் பக்கம் போக மாட்டேன், நண்பர்களோடு கேஷுவல் ஆடுவேன். காசு செலவழிப்பதில் எனக்குத் தயக்கமில்லை. பல மாதம் மகிழ்ச்சியாக ஆடிய இலவச ஆட்டத்துக்கு ஒரு பாஸ் வாங்குவது நியாயம் என்றே நினைக்கிறேன், சர்வர் வாடகை யாரோ கட்டுகிறார்கள். ஆனால் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டேன்.

இன்றைக்குப் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் கைகாட்டுவது ராக்கெட் லீக். எபிக் கடையில் இறக்கி, கடைப்பக்கம் திறக்காமல், ஆக்டேனை எடுத்துக்கொண்டு ஃப்ரீ ப்ளேயில் (தனியாகப் பழகும் மோட்) பந்தை உருட்ட ஆரம்பியுங்கள். சிஎஸ்2தான் வேண்டும் என்றால் பிரைம் இல்லாமல் ஒரு மாதம் கேஷுவல், டெத்மேட்ச் ஆடிப் பாருங்கள். மாதம் முடிந்தும் ஆசை குறையவில்லை என்றால் பிரைம் வாங்கிவிடுங்கள்.