எங்கள் வீட்டில் 14416: ஒரு மதிப்புரை

பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டும் என் சித்தப்பா மகன் நான்கு இரவுகள் தூங்காமல் இருந்து, ஐந்தாம் நாள் இரவு தறிக்குடோனை உள்ளே தாழிட்டுக்கொண்டு, தறிகள் தன்னைப் பற்றிப் பேசுவதாகக் கத்தத் தொடங்கியபோது, வாசலில் கூடியவர்களில் பாதிப்பேர் 100க்குப் போன் செய்யச் சொன்னார்கள். நான் 14416ஐ அழைத்தேன். மத்திய அரசின் டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநல ஆலோசனைத் திட்டத்தின் கட்டணமில்லா எண் அது. 2022 அக்டோபர் 10 முதல் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது.

தமிழைத் தேர்ந்தெடுத்த சிறிது நேரத்தில் ஒரு பெண் ஆலோசகர் பேசினார். பெயரையும் முகவரியையும் துருவாமல், அவன் சாப்பிட்டானா, உள்ளே கூர்மையான பொருள் இருக்கிறதா, முன்பு இப்படி நடந்ததுண்டா என்று கேட்டார். நூல் வெட்டும் கத்திரி இருக்கும் என்றேன். பின்னணியில் பக்கத்துக் குடோன் தறிச்சத்தம் கேட்டிருக்க வேண்டும். முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள், கூட்டத்தை அனுப்பிவிட்டு ஒருவர் மட்டும் பேசுங்கள் என்றார். எட்டுத் தறிகளும் நின்ற பிறகுதான் அவன் மூச்சு வாங்குவதே எங்களுக்குக் கேட்டது. சித்தி ஜன்னலருகே நின்று, "சாமி, பசிக்குதா கண்ணு?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. கத்திரியை அவனே சித்தியிடம் கொடுத்தான். விடிந்ததும் எந்த அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்பதையும் அந்த ஆலோசகரே சொல்லிவிட்டார்.

இதே ஊரில் சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு வீட்டில் போலீஸை அழைத்தார்கள். ஜீப்பைக் கண்டதும் அந்த மனிதர் சோளக்காட்டுக்குள் ஓடி விழுந்து கையை உடைத்துக்கொண்டார். விடியும்வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். மனநலச் சட்டம் 2017இன் 100ஆம் பிரிவின்படி, இப்படிப் பாதுகாப்பில் எடுக்கப்படுபவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வந்த காவலர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவர்களுக்குத் தெரிந்த வேலையைத்தான் அவர்கள் செய்தார்கள்.

ஆகவே சேவையின் தரத்துக்கு நான் முழு மதிப்பெண் தருகிறேன். என் மனத்தாங்கல் திட்டத்தின் வடிவத்தின் மீதுதான். இது போனில் பேசும் சேவை. கதவு திறக்காமலே போயிருந்தால் நேரில் வந்து நிற்க யார் இருக்கிறார்கள்? மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் என்று ஒரு குழு வகுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு இரவுப் பணியும் ஒரு வண்டியும் சேர்த்தால் பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் கணக்கு. பணமோ எதிர்த்திசையில் போகிறது: டெலி மானஸுக்கு 2023-24இல் 133.73 கோடி ரூபாய் ஒதுக்கிய அரசு, 2024-25இல் 90 கோடி ஒதுக்கியது.

அமெரிக்காவின் யூஜீன் நகரில் 1989இல் தொடங்கிய கஹூட்ஸ் என்ற சேவையில், போலீஸுக்குப் பதிலாக ஒரு மருத்துவப் பணியாளரும் ஓர் ஆலோசகரும் வேனில் போனார்கள். இத்தகைய நடமாடும் குழுக்களுக்கு, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் வழியாக 85 சதவீதச் செலவை மூன்றாண்டுகளுக்கு ஏற்க அந்நாட்டு மத்திய அரசு 2021இல் சட்டம் செய்தது. இருந்தும், முன்னோடியான கஹூட்ஸே பண நெருக்கடியால் 2025 ஏப்ரலில் யூஜீனில் நின்றுபோனது. ஆண்டுதோறும் உறுதியாக வரும் நிதி இல்லாமல் வேன் மட்டும் வாங்கிக் கொடுத்தால் இங்கும் அதே கதைதான் நடக்கும்.

எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள். நெருக்கடியில் இருப்பவர் கையில் ஆயுதம் இருந்தாலோ, பூச்சிமருந்தைக் குடித்துவிட்டார் என்றாலோ ஆலோசனைக்குக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். அழைக்கும்போதே இது மனநலப் பிரச்சினை என்பதையும் சொல்லிவிடுங்கள்.