பாளையங்கோட்டை கிரேக்க வகுப்பு: ‘கும்னொஸ்’ பாடம் எப்படி?

ஜெர்மானிய மிஷனரியான ரேனியஸ் ஐயர் 1820 முதல் ஊழியம் செய்த பாளையங்கோட்டையில், சனிக்கிழமை மாலைகளில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் கற்பிக்கிறார்கள். ‘ஆடையற்ற’ எனப் பொருள்படும் ‘கும்னொஸ்’ என்ற பெயரடைக்கே ஒரு மாலையை ஒதுக்கியது முற்றிலும் தகும். யோவான் 21:7-இல் பேதுரு ‘கும்னொஸ்’ ஆக இருந்தார் என்பதற்கு, மேலாடையைக் களைந்துவிட்டு உள்ளாடையோடு வேலை செய்தார் என்றும் பொருள் கொள்ளலாம் என்று ஆசிரியர் விளக்கியபோது, உவரிக் கடற்கரையில் வலை இழுப்போரைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது உடனே விளங்கிற்று. 1 கொரிந்தியர் 15:37-இல் அதே சொல் வெறும் விதைமணியைக் குறிக்கிறது.

இலக்கணப் பகுதி இன்னும் சிறப்பு. யாக்கோபு 2:15-இல் ‘சகோதரனாவது சகோதரியாவது’ என்று ஒருமைப் பெயர்கள் வந்தாலும், இருவரையும் சேர்த்தே கருதி ‘கும்னொய்’ என்று பெயரடை ஆண்பால் பன்மையில் நிற்பதைக் கரும்பலகையில் வேற்றுமை வாய்பாட்டோடு எழுதிக் காட்டினார். அந்தப் பொறுமை பாராட்டுக்குரியது.

ஆனால், ரோமர் 8:35-இல் ‘நிர்வாணமோ’ என்று நாம் வாசிக்கும் ‘கும்னொட்டேஸ்’ என்ற பெண்பால் பெயர்ச்சொல்லை இறுதியில் அவசரமாக முடித்தது பெருங்குறை. புதிய ஏற்பாட்டில் அது 3 இடங்களில்தான் வருகிறது. 2 கொரிந்தியர் 11:27, வெளிப்படுத்தல் 3:18 ஆகியவற்றையும் ஒப்பிட்டிருக்க வேண்டும். ஒளிநகல் பாடத்தாள்களில் அழுத்தக்குறிகள் மங்கியிருந்தன. கிரேக்க எழுத்துகளை முன்பே பழகியவர்கள் தயங்காமல் சேரலாம்.