காரிலிருந்து செயற்கைக்கோள் வழியாக ஏபிஆர்எஸ்: சென்னையில் நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

காரில் இருந்தபடியே செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்ப முடியுமா என்று கேட்கும் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்களுக்கு: தாராளமாக முடியும், ஆனால் வாட்ஸ்அப் மாதிரி நினைத்துக்கொண்டு வராதீர்கள். ஏபிஆர்எஸ் என்பது இருப்பிடத்தையும் குறுஞ்செய்தியையும் சிறு பாக்கெட்டுகளாக ரேடியோவில் அனுப்பும் முறை, செயற்கைக்கோள் அதை வாங்கி அப்படியே கீழே திருப்பி அனுப்பும். ஒரு செய்திக்கு 67 எழுத்துதான். அதுவும் கோள் தலைக்கு மேலே வரும் சில நிமிடங்களில் மட்டும். அந்த எல்லைக்குள் இது நன்றாகவே வேலை செய்கிறது.

என்னிடம் இருப்பது கென்வுட் டிஎச்-டி72 ஹேண்டி, அதாவது கையடக்க ரேடியோ. ஜிபிஎஸ்ஸும், செய்தியை ரேடியோ சத்தமாக மாற்றும் பாக்கெட் மோடமும் அதற்குள்ளேயே இருக்கின்றன. கூரையில் காந்த அடி வைத்த கால் அலைநீள ஆன்டெனா, அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 5 வாட் பவர், 145.825 மெகாஹெர்ட்ஸ், 1200 பாட் வேகம், அவ்வளவுதான். இந்த செட் இல்லாதவர்கள் சாதாரண ஹேண்டியை ஆண்ட்ராய்டு போனோடு கேபிளில் இணைத்து ஏபிஆர்எஸ்டிராய்டு செயலியைப் போட்டுக்கொள்ளலாம். கோளின் வேகத்தால் அதிர்வெண் நகர்வது, அதாவது டாப்ளர் விலகல், இந்த பேண்டில் 3 கிலோஹெர்ட்ஸ் சொச்சம்தான், எஃப்எம்முக்கு அது பொருட்டே இல்லை, அதனால் காரில் உட்கார்ந்து அதிர்வெண்ணைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டிய வேலை கிடையாது.

நம் ஊருக்குப் பொருந்தும் கோள்கள் இரண்டு. ஒன்று சர்வதேச விண்வெளி நிலையம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் போகிறது, நல்ல பாஸ் (கோள் ஒருமுறை நம் வானத்தைக் கடப்பது) என்றால் பத்து நிமிடம் கிடைக்கும். விண்நடை, விண்கலம் வந்து இணைவது போன்ற நேரங்களில் ரேடியோவை அணைத்து வைப்பார்கள், அதைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். இன்னொன்று இந்தோனேசியாவின் லாபான்-ஏ2, ஹாம் வட்டாரத்தில் ஐஓ-86. 2015 செப்டம்பர் 28 அன்று இந்தியாவின் விண்வெளித் தொலைநோக்கி அஸ்ட்ரோசாட்டோடு சேர்ந்து பிஎஸ்எல்வி-சி30 ராக்கெட்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது, அதாவது நம் வீட்டுப் பக்கத்திலிருந்து போன கோள். நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை சாய்வில் மட்டுமே சுற்றுவதால் சென்னையின் தெற்கு வானத்தில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை வந்துவிடும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. ஆனால் எப்போதும் ஆன் செய்திருப்பார்கள் என்று நம்பிப் போகக் கூடாது.

சென்னையில் எல்லாம் இடத்தைப் பொறுத்தது. ஓஎம்ஆரில் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே தாழ்வான பாஸ் எதையும் மறந்துவிடுங்கள். பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் வண்டியை நிறுத்தினால் கிழக்கு முழுக்கக் கடல்தான். வங்காள விரிகுடாவின் மேல் கோள் இறங்கும்வரை பாக்கெட் டிகோட் ஆகிக்கொண்டே இருக்கும். மலிவான கார் சார்ஜரைச் செருகினால் மட்டும் நாய்ஸ் ஏறிவிடும், பிடுங்கினால் உடனே அடங்கும், முதலில் சரிபார்க்க வேண்டியது அதைத்தான். உப்புக்காற்றில் ஆன்டெனா கனெக்டர் பச்சை பிடிக்கும், மாதம் ஒருமுறை துடைக்காமல் விட்டால் சிக்னல் மெல்ல மெல்லத் தேய்வது நமக்கே தெரியாது.

அனுப்பியது திரும்பி வருவதுதான் இதில் பெரிய சந்தோஷம். பட்டனை அழுத்தினால் 'ப்ர்ர்ட்' என்று அரை விநாடிச் சத்தம், அப்புறம் அதே சத்தம் மேலேயிருந்து வரும், திரையில் நம் கால்சைன் (ஹாம் அடையாளப் பெயர்). இத்தனை நாள் கழித்தும் எனக்கு இது அலுக்கவில்லை. வராவிட்டால் உடனே மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள். எல்லோருக்கும் ஒரே சேனல், கோளின் பார்வை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் விரிகிறது, நமக்குக் கேட்காத யாரோ அதே நொடியில் அனுப்பியிருப்பார். மைக்-இ என்ற சுருக்கக் குறியீட்டு முறையில் பாக்கெட்டைச் சுருக்கி வையுங்கள், இடைவெளி விடுங்கள். ஆளில்லாமல் நிமிடத்துக்கு ஒருமுறை பீக்கன் (தானாகப் போகும் இருப்பிடச் செய்தி) விடுவது மற்றவர்களின் வாய்ப்பைத் தட்டிப் பறிப்பது, எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. ஓட்டும்போது டைப் அடிக்கவும் வேண்டாம், முன்பே சேமித்து வைத்த வரிகள் போதும்.

ஏபிஆர்எஸ்ஸை உருவாக்கிய பாப் புருனிங்கா 2022இல் மறைந்தார். கையில் ஒரு ஹேண்டி மட்டும் இருப்பவரும் கோள் வழியாகத் தொடர்பு கொள்ளவேண்டும் என்பதற்காகவே 2001இல் அமெரிக்கக் கடற்படை அகாதமி மாணவர்களோடு பிசிசாட் செய்து அனுப்பியவர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் செல்போன் செத்துக் கிடந்த தெருக்களில் இருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். 'இங்கே பத்திரம், இந்த இடத்தில் இருக்கிறோம்' என்று சொல்ல 67 எழுத்து போதும்.

ஆனால் அந்த 67 எழுத்து கோளிலிருந்து இறங்கும்போது அதைக் கேட்டு இணையத்தில் ஏற்ற தரையில் ஒரு சாட்கேட் நிலையம் வேண்டும். நான் அனுப்பியவற்றில் பல என் திரைக்குத் திரும்பி வந்தும் இணைய வரைபடத்தில் ஏறவில்லை, நம் பக்கம் கேட்பவர்கள் குறைவு. ராஸ்பெர்ரி பை குட்டிக் கணினி, ஆர்டிஎல் டாங்கிள் என்ற யுஎஸ்பி ரேடியோ ரிசீவர், பாக்கெட்டைப் படிக்கும் டயர்வுல்ஃப் மென்பொருள், மொட்டைமாடியில் ஒரு ஆன்டெனா, இவ்வளவு போதும். லைசென்ஸ் வைத்திருக்கும் சென்னை நண்பர்கள் இரண்டு மூன்று பேர் தெற்கும் கிழக்கும் திறந்த மாடியில் இதை வைத்துவிட்டால், அடுத்த மழைக்காலத்துக்குள் நிலைமை நிறைய மாறும்.