மன்னவனூரா, சூரியநெல்லியா, கொல்லிமலையா: ஏரி தெரியும் மலையில் கூடாரம் போட விரும்பும் டெல்டாக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

சம்பா அறுவடை முடிந்து, களத்து நெல்லும் விலைபோன பிறகுதான் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் மூன்று நாள் சேர்ந்தாற்போல ஊரைவிட்டுக் கிளம்ப முடிகிறது. அந்த ஓய்வில் மலையும் வேண்டும், ஏரியும் வேண்டும், விடுதி அறை வேண்டாம், கூடாரத்தில்தான் படுப்போம் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், தஞ்சாவூரிலிருந்து ஒரு பகல் பயணத்தில் போய்ச் சேரக்கூடியவை என்று மூன்று இடங்களைத்தான் நான் கணக்கில் எடுத்துக்கொள்வேன்: கொடைக்கானல் மேல்மலையில் உள்ள மன்னவனூர், போடிமெட்டுக்கு அப்பால் ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தை ஒட்டிய சூரியநெல்லி, நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை. ஏற்காட்டிலும் ஏலகிரியிலும் ஏரி உண்டு. ஆனால் இரண்டிலும் அது கடைத்தெருவுக்குப் பக்கத்தில் இருப்பதால், அங்கே கூடாரத்தில் தங்குவதும் அறை எடுத்துத் தங்குவதும் ஏறக்குறைய ஒன்றுதான். பச்சைமலை நமக்கு மிக அருகில் இருந்தாலும் அது அருவிக்காகப் போகிற மலை.

தூரத்தை முதலில் முடித்துவிடலாம். கொல்லிமலை தஞ்சாவூரிலிருந்து திருச்சி, நாமக்கல் வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர். மற்ற இரண்டும் 280 கிலோமீட்டரை ஒட்டியவை. திண்டுக்கல்லைத் தாண்டி வத்தலகுண்டு வரை ஒரே சாலை, அதன் பிறகு ஒன்று கொடைக்கானலுக்கும் மற்றொன்று தேனி, போடி வழியாகக் கேரள எல்லைக்கும் பிரிகிறது. கும்பகோணத்திலிருந்தோ மயிலாடுதுறையிலிருந்தோ கிளம்புகிறவர்கள் தஞ்சாவூர் வரையிலான தூரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எங்கு போனாலும் மலைச்சாலையை வெளிச்சத்தில் ஏறி முடிக்கும்படி கிளம்ப வேண்டும் என்பதால், விடியற்காலை மூன்று மணிக்கு முன்பே வண்டியை எடுத்துவிடுவது நல்லது.

இடங்களை ஒப்பிடுவதற்கு முன், நம் ஊர்க்காரர்கள் தவறாமல் செய்கிற ஒரு பிழையைச் சொல்லிவிட வேண்டும். நாம் தண்ணீரோடு வளர்ந்தவர்கள். ஆற்றங்கரையில் படுத்தால் காற்று வரும், உடம்பு குளிரும் என்பது நமக்குப் பிறவிப் பழக்கம். அதனால் ஏரியைக் கண்டதும் கரையோரம்தான் கூடாரம் என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. முதல் முறை மேல்மலைக்குப் போனபோது என் சித்தப்பாவும் அப்படித்தான், “தண்ணிப் பக்கமாவே போடுடா, காத்து நல்லா வரும்” என்றார். அது ஒரு தனியார் தோட்டம். சரிவின் அடியில் சிறு குளம் ஒன்று இருந்தது. நாங்கள் அதன் ஓரத்துப் புல்வெளியில்தான் அடித்தோம். இரவு ஒன்பது மணிக்கே தரை சில்லிட்டுவிட்டது. நள்ளிரவுக்குப் பிறகு கூடாரத்தின் உட்புறத் துணியில் மூச்சுக்காற்று நீராகக் கோத்து, போர்வையின் மேல் சொட்டத் தொடங்கியது. விடிந்து பார்த்தால், சரிவில் எங்களுக்கு ஐம்பது அடி மேலே கூடாரம் போட்டிருந்த திருப்பூர்க் குடும்பம் காய்ந்த துணிகளோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. எங்கள் செருப்பின் மேல் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது.

காரணம், வாய்க்கால் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உடனே புரியக்கூடியது. தெளிந்த வானமுள்ள இரவில் தரை தன் வெப்பத்தை இழந்து குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப்போய், பாசன நீர் மடையிலிருந்து பள்ள வயலுக்குப் பாய்வதைப் போலச் சரிவில் வழிந்து, தாழ்ந்த இடத்தில் தேங்குகிறது. மலையில் மிகத் தாழ்ந்த இடம் ஏரிதான். எனவே ஏரி கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆனால் கூடாரம் அதற்கு மேலே சரிவில், காற்று தேங்காத மேட்டில் இருக்க வேண்டும். மூன்று இடங்களில் எதைத் தேர்ந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மன்னவனூர் கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அந்தச் சாலையே பாதிப் பயணம்: படிப்படியாக வெட்டிய வயல்களில் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் நிற்பதைப் பார்த்தால், சமதளத்தில் மட்டுமே வரப்பைக் கண்ட நமக்கு, தண்ணீரை இவர்கள் எப்படிக் கட்டுகிறார்கள் என்ற கேள்விதான் முதலில் வரும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளைவது இந்தப் பகுதியில்தான். ஊரைத் தாண்டினால் புல்மேடுகளும் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையமும் வனத்துறையின் சூழல் சுற்றுலா மையத்துக்கு உட்பட்ட ஏரியும் வருகின்றன. ஏரியில் பரிசல் ஓட்டுகிறார்கள். மூன்று இடங்களிலும் ‘மலை நடுவே ஏரி’ என்று மனத்தில் வரைந்து வைத்திருக்கும் படத்துக்கு மிக அருகில் வருவது இதுதான்.

அந்த ஏரிக்கரையில் நம் விருப்பப்படி கூடாரம் போட்டு இரவு தங்க முடியாது என்பதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். வனத்துறைப் பகுதியில் பார்வையாளர் நேரம் பகலில் மட்டும்தான். அனுமதிச் சீட்டு வாங்கிப் போகும் பேரிஜம் ஏரியும் அப்படியே. ஆகவே இங்கே ‘ஏரிக்கரை முகாம்’ என்று விளம்பரம் செய்வதெல்லாம் சுற்றியுள்ள பட்டா நிலங்களில் நடத்தப்படுவதுதான். அவற்றிலும் அனுமதி பெற்றவை உண்டு, பெறாதவை உண்டு; அனுமதியில்லாத கூடாரங்களை அகற்றும் நடவடிக்கைகள் கொடைக்கானலில் நடந்திருக்கின்றன. நாங்கள் இரண்டாம் முறை பதிவு செய்த முகாம், படத்தில் ஏரிக்கு எதிரே கூடாரம் நிற்பதாகக் காட்டியிருந்தது. போய்ப் பார்த்தால் கூடாரம் இருந்த இடத்திலிருந்து தெரிந்தது ஒரு சிமென்ட் தண்ணீர்த் தொட்டி மட்டுமே. ஏரி இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. முன்பணம் திரும்பவில்லை.

மன்னவனூரின் உயரம் 6,000 அடியை ஒட்டியது. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற பொதுக் கணக்கில், தை மாத இரவில் தஞ்சாவூரில் 20 டிகிரி இருந்தால் அங்கே 8 டிகிரி. பள்ளத்தில் அதற்கும் கீழே. கோரைப்பாயும் கம்பளியும் போதும் என்று நினைத்தால் முதுகுதான் முதலில் உறையும், ஏனென்றால் உடல் சூட்டை அதிகம் உறிஞ்சுவது மேலே இருக்கும் காற்றைவிடக் கீழே இருக்கும் தரைதான். சென்ற முறை சித்தப்பா வீட்டிலிருந்து இரண்டு சாக்கு வைக்கோல் கட்டிக்கொண்டு வந்து, கூடாரத்துக்கு அடியில் நான்கு விரற்கடைப் பருமனுக்குப் பரப்பி, அதன்மேல் தார்ப்பாய் விரித்தார். கடையில் வாங்கிய மெத்தைவிரிப்பைவிட அதுதான் சூடாக இருந்தது என்பதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். (வைக்கோல் இருக்கும் பக்கத்தில் அடுப்பு பற்றவைக்கவே கூடாது, சமையலை இருபது அடி தள்ளி வைத்துக்கொண்டோம்.) ஊருக்குத் திரும்பும்போது அது உள்ளூர்க்காரர் ஒருவரின் மாட்டுக்குத் தீவனமாகிவிட்டது.

சமையலிலும் உயரம் கை வைக்கும். அந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் வடிக்கும் சோறு வெளியே குழைந்தும் உள்ளே அரிசியாகவும் நிற்கும். குக்கரைத் தூக்கிக்கொண்டு போவதற்கு யாரும் கூச்சப்பட வேண்டாம். மீந்த சாப்பாட்டையும் பழத்தையும் கூடாரத்துக்குள் வைக்காமல் வண்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். காட்டுமாடும் காட்டுப்பன்றியும் அங்கே ஊருக்குள்ளேயே நடமாடுகின்றன.

கொடைக்கானலுக்குள் நுழைய உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை வாரநாளில் 4,000 வண்டிகள், வாரயிறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. பள்ளி விடுமுறையான மே மாதத்தை நம்பித் திட்டமிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சூரியநெல்லியின் அழகு வேறு மாதிரியானது. தேயிலைச் சரிவுகள் நேராக ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தில் இறங்குகின்றன. முகாம்கள் பெரும்பாலும் அந்தச் சரிவின் மேற்பகுதியில் இருப்பதால், நான் மேலே சொன்ன பள்ளத்துக் குளிர் இங்கே தானாகவே தவிர்க்கப்பட்டுவிடுகிறது. உயரமும் மன்னவனூரைவிடக் குறைவு என்பதால் இரவு தாங்கக்கூடியதாக இருக்கும். விடியலுக்கு முன் ஜீப்பில் ஏறினால் 7,000 அடிக்கு மேலுள்ள கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்கலாம். தேனி மாவட்டத்துக்கு உட்பட்ட அந்த மலைக்குச் சாலை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் போகிறது. சாலை என்று அதை மரியாதைக்குத்தான் சொல்கிறோம். முதுகுவலிக்காரர்கள் கீழேயே தேநீர் குடித்துக்கொண்டு இருப்பது மேல்.

ஆனால் அந்த நீர்த்தேக்கத்தின் பெயரையே ஒருமுறை நிறுத்திப் படிக்க வேண்டும். ஆனை இறங்குகிற இடம் அது. சின்னக்கானல் பகுதியில் வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்த அரிக்கொம்பன் யானையை 2023 ஏப்ரல் இறுதியில் பிடித்துப் பெரியாறு காட்டுக்குள் விட்டார்கள். அடுத்த மாதமே அது கம்பம் நகருக்குள் வந்து நின்றது நினைவிருக்கும். அது போனாலும் மற்ற யானைகள் அங்கேதான் இருக்கின்றன. தண்ணீருக்கு இறங்குவதும் அதே கரைக்குத்தான். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கியிருந்த பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சுற்றிலும் மின்வேலியும் இரவுக் காவலும் இல்லாத முகாமில் பிள்ளைகளோடு படுக்க எனக்குத் துணிவு வராது. இரவில் கழிப்பறைக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்ற கேள்வி மற்ற இரண்டு இடங்களில் வசதி பற்றியது, இங்கே உயிர் பற்றியது. வாடகை வேனில் போகிறவர்களுக்கு இன்னொரு செலவும் உண்டு: மாநில எல்லை தாண்டுவதால் வண்டிக்குக் கேரளப் பர்மிட் வேண்டும். வாடகை பேசும்போதே ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளாவிட்டால் போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் பேரம் பேச நேரிடும்.

கொல்லிமலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் ஏரி என்ற ஒரு கேள்வியிலேயே அது பின்தங்கிவிடுகிறது. வாசலூர்பட்டியில் படகு இல்லத்தோடு ஒரு சிறிய ஏரி இருக்கிறது. நம்மூர்ப் பெரிய குளங்களைப் பார்த்த கண்ணுக்கு அது ஒன்றும் வியப்பைத் தராது. அங்கே தண்ணீரின் பெருமை ஆகாய கங்கை அருவியில்தான், அதற்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கி ஏற வேண்டும். அந்த அருவியாக விழும் ஐயாறு, கீழே வந்து காவிரியில்தான் சேர்கிறது என்பதால், திருவையாற்றுப் பக்கத்து ஆளான எனக்கு அந்தப் பெயரில் ஒரு தனிச் சொந்தம். அது முகாமுக்கு மதிப்பெண் போடக் காரணமாகாது. காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள் பிள்ளைகளின் வயிற்றைக் கலக்கிவிடும்; எலுமிச்சம்பழமும் பாலித்தீன் பையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இவ்வளவுக்கும் பிறகு கொல்லிமலைக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு: குளிர் மிதமானது, யானைப் பயம் இல்லை, ஏதேனும் உடம்புக்கு வந்தால் நாமக்கல் பக்கம். கூடாரத்தில் படுத்தே பழகாத குடும்பம், முதல் இரவை இங்கே ஒத்திகை பார்ப்பது புத்திசாலித்தனம். வல்வில் ஓரி விழா நடக்கும் ஆடி 17, 18 தேதிகளில் மட்டும் போக வேண்டாம். நமக்கும் அன்று ஆற்றங்கரையில் ஆடிப்பெருக்கு இருக்கிறது.

காலத்தைப் பொறுத்தவரை டெல்டாக்காரர்களுக்கு ஒரு சிக்கல். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு வரும் அதே புயல்மழை மேல்மலையையும் விடுவதில்லை. 2018 நவம்பரில் வேதாரண்யத்தில் கரையேறிய கஜா, கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சூரியநெல்லிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. நமக்கு ஓய்வு கிடைக்கும் மாசி, பங்குனியோ காட்டுத்தீக் காலம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேறிகள் பலர் தீயில் சிக்கி இறந்தது அப்போதுதான். அந்த மாதங்களில் மலையேற்றப் பாதைகள் மூடப்படுகின்றன, முகாமில் விறகுத் தீ மூட்ட நினைப்பதும் தவறு. எஞ்சுவது பொங்கல் முடிந்த தை மாதத்தின் பிற்பாதிதான், அறுவடை இயந்திரம் நம் வயலுக்கு முன்கூட்டி வந்துவிட்டால்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்து, பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டிய எங்கள் குடும்பத்துக்கு நான் மன்னவனூரையே தேர்ந்திருக்கிறேன். பெரியவர்கள் மட்டும் போவதாக இருந்தால் சூரியநெல்லிக்கு வாக்களித்திருப்பேன். இம்முறை முன்பணம் அனுப்புவதற்கு முன், முகாம்காரரைக் கைப்பேசிக் காணொளியில் அழைத்து, கூடாரம் போடும் இடத்தில் நின்றுகொண்டு அப்படியே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டச் சொன்னேன். ஏரி கீழே தெரிந்தது, கழிப்பறை முப்பது அடியில் இருந்தது, அனுமதிக் கடிதத்தின் படத்தையும் அனுப்பினார். தரை மட்டும் சற்றுச் சாய்வாகத் தெரிகிறது என்றேன். அதைப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா, “தலைமாட்டை மேட்டுப் பக்கமா வச்சுக்கிட்டாப் போச்சு” என்று சொல்லிவிட்டு, வைக்கோல் போரிலிருந்து இந்த முறை மூன்று சாக்கு பிடுங்கப் போய்விட்டார்.